ஸ்டியரிங்கில் பட்டன் பொருத்தி கார் ஸ்டீரியோவை இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிப்படை ரகக் காரை வாங்கியவர்களின் ஸ்டியரிங்கில் ஹாரனைத் தவிர வேறு எதுவும் இருக்காது. பிறகு கடையில் ஒரு தொடுதிரை ஸ்டீரியோ வாங்கிப் பொருத்துவார்கள். பாட்டு நன்றாகத்தான் கேட்கும். ஆனால் ஒலியைக் குறைக்க ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துத் தேட வேண்டியிருக்கும். என்னுடைய 2013-ஆம் ஆண்டு வேகன்ஆர் எல்எக்ஸ்ஐ காரில் இந்தத் தொல்லை தாங்காமல்தான் பட்டன் பொருத்தக் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு உறவினர், நண்பர் கார்கள் சிலவற்றிலும் செய்து கொடுத்தேன். அப்போதெல்லாம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இங்கே.

இது தேவைதானா? வீண் ஆடம்பரம் இல்லையா?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. திரையில் ஒலி அடையாளத்தைத் தேடி, தொட்டு, சரியாகப் பட்டதா என்று பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்ப இரண்டு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம் அது. பழைய ஸ்டீரியோக்களில் திருகும் குமிழ் இருந்தது. கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடிமானம் இல்லாததால் கண்ணும் கூடவே போக வேண்டியிருக்கிறது. அதனால் இதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டீரியோவுக்குச் செலவு செய்தவர் இதற்கும் சேர்த்தே செலவு செய்திருக்க வேண்டும் என்பேன்.

சந்தையில் என்னென்ன வகைகள் கிடைக்கின்றன?

நான்கு வகை என்று சொல்லலாம். முதலாவது, வயரில்லா பட்டன் செட். ஸ்டியரிங்கின் ஆரத்தில், அதாவது நடுப்பகுதியை வளையத்தோடு இணைக்கும் கையில், கட்டிக்கொள்ளும் ஒன்றோ இரண்டோ பட்டன் கட்டைகள் இருக்கும். அவற்றுக்குள் பட்டன் பேட்டரி. டேஷ்போர்டுக்குள் ஒரு சிறிய ரிசீவர் பெட்டி இருக்கும். கட்டையிலிருந்து ரேடியோ அலை வழியாகச் செய்தி வர, ரிசீவர் அதை ஸ்டீரியோவுக்குச் சொல்லும்.

இரண்டாவது, எல்லாக் காருக்கும் பொது என்று விற்கப்படும் வயர் வைத்த பட்டன்கள். இவற்றின் வயர் ஸ்டியரிங்கின் உள்ளே இருந்து வெளியே வந்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மூன்றாவது, உங்கள் காரின் உயர்ரக மாடலில் தொழிற்சாலையிலேயே வரும் அசல் பட்டன்களை வாங்கிப் பொருத்துவது. நான்காவது, கைப்பேசியுடன் நேரடியாக இணையும் ப்ளூடூத் பட்டன்.

இவற்றில் எதை வாங்கலாம்?

உங்கள் காரில் அசல் பட்டனுக்கான வயர்கள் ஏற்கெனவே ஓடியிருந்தால் அசல் பட்டனே சிறந்தது. ஓடவில்லை என்றால் வயரில்லா செட். பொதுவான வயர் பட்டன்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காரணத்தை ஏர்பேக் பற்றிய கேள்வியிலும் அதற்கு அடுத்த கேள்வியிலும் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

ப்ளூடூத் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அது கட்டுப்படுத்துவது கைப்பேசியை. கைப்பேசியில் ஓடும் பாட்டை மாற்றும், நிறுத்தும். எஃப்எம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. ஒலியைக் கூட்டினாலும் பெரும்பாலும் கைப்பேசியின் ஒலிதான் கூடும். ஸ்டீரியோவின் ஒலி அப்படியே இருக்கும். எப்போதும் கைப்பேசியிலிருந்து மட்டும் பாட்டு கேட்பவருக்கு அது போதும்.

என் ஸ்டீரியோ இதை ஏற்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டீரியோவின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு தொடுதிரை ஸ்டீரியோ என்றால் வயர்க் கொத்தில் கீ 1, கீ 2 என்று சிறிய தாள் சுற்றிய இரண்டு வயர்கள் தொங்கும். பொருத்தியவர் அவற்றைப் பயன்படுத்தாமல் டேப் சுற்றி ஓரமாகச் செருகி வைத்திருப்பார். அவைதான் நமக்கு வேண்டியவை. வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மேலே ஒட்டிய எழுத்தையோ, ஸ்டீரியோவின் மூடியில் அச்சிட்ட படத்தையோ மட்டும் நம்புங்கள்.

பயனியர், சோனி ஸ்டீரியோக்கள் பலவற்றில் பின்னால் ஹெட்போன் சொருகும் துளையைப் போல 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும். வயர் ரிமோட்டுக்கான நுழைவு அது. ஜேவிசி, கென்வுட் ஸ்டீரியோக்களில் நீலமும் மஞ்சளும் கலந்த ஒற்றை வயர் வரும். இதில் ஒரு வேறுபாடு உண்டு. பயனியர் துளை மின்தடையின் அளவைப் பார்த்து எந்தப் பட்டன் என்று கண்டுகொள்கிறது. ஒலியைக் கூட்ட 16 கிலோ ஓம், குறைக்க 24 கிலோ ஓம் என்பதுபோல ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு. ஜேவிசி, கென்வுட்டின் நீலமஞ்சள் வயரோ மின்துடிப்புகளாக வரும் குறியீட்டை எதிர்பார்க்கிறது. அதனால் அந்த வயரில் பட்டன் செட்டை நேரடியாக இணைத்தால் வேலை செய்யாது. இடையில் அந்தந்த நிறுவனத்துக்கு ஏற்ற மாற்றிப் பெட்டி வேண்டும்.

பின்னால் இவை எதுவுமே இல்லாத பழைய ஸ்டீரியோ என்றால், பட்டன் வாங்குவதற்கு முன் ஸ்டீரியோவை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டே வயரில் பத்துப் பட்டன் எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் கோளாறுகளில் பாதியை நீங்களே தீர்த்துவிடலாம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்டீரியோ தன் கீ வயருக்கு உள்ளிருந்து ஒரு சிறிய மின்னழுத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். கணக்குக்காக அது 3.3 வோல்ட் என்றும், உள்ளே ஆயிரம் ஓம் மின்தடை வழியாக வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பட்டன் எதையும் அமுக்காதபோது வயரில் 3.3 வோல்ட் அப்படியே இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் வெவ்வேறு அளவுள்ள ரெசிஸ்டர், அதாவது மின்தடைத் துண்டு, இருக்கிறது. பட்டனை அமுக்கினால் அந்த ரெசிஸ்டர் வழியாக வயர் எர்த்துடன் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்துடன்) சேரும், மின்னழுத்தம் இறங்கும். 330 ஓம் ரெசிஸ்டர் உள்ள பட்டன் என்றால் 0.82 வோல்ட். 470 ஓம் உள்ள பட்டன் என்றால் 1.06 வோல்ட். ஸ்டீரியோ இந்த எண்ணை அளந்து, "0.82 வந்தது, அப்படியானால் ஒலியைக் கூட்டு" என்று முடிவு செய்கிறது.

ஆக, பட்டன் ஸ்டீரியோவிடம் சொல்வது ஓர் எண்ணை மட்டுமே. பக்கத்துப் பட்டனின் எண்ணுக்கும் இதற்கும் இடையே கால் வோல்ட்டுக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கிறது. இடையில் ஒரு தளர்ந்த இணைப்பு நூறு ஓம் தடையைச் சேர்த்துவிட்டால் போதும், 0.82 என்பது 0.99 ஆகிவிடும். ஸ்டீரியோ பக்கத்துப் பட்டனை அமுக்கியதாக நினைத்துக்கொள்ளும்.

வயரில்லா செட்டிலும் இதே வேலைதான். ரெசிஸ்டர்கள் பட்டன் கட்டைக்குள் இல்லாமல் ரிசீவர் பெட்டிக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கைக் கழற்றலாமா?

நீங்களாகக் கழற்றாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முன் வந்த கார்கள் பலவற்றிலும் இருக்கிறது. ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் அந்த மூடிக்குப் பின்னால் இருப்பது ஒரு வெடிமருந்துக் கலம். மோதல் நேர்ந்தால் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் பை முழுவதும் விரிந்துவிடும். அதற்காக மூடியின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளவுக் கோடுகள் போட்டிருப்பார்கள். அந்த மூடியின்மேல் நீங்கள் ஒட்டிய பட்டன் கட்டை, பை விரியும்போது உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். எனவே நடுமூடியில் எதையும் ஒட்டக் கூடாது. பட்டன் மட்டுமல்ல, சாமி படமும்தான்.

பயிற்சி பெற்ற மெக்கானிக் கழற்றும்போதும் உடனிருந்து இவற்றைக் கவனியுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். உடனே ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சேமிப்பில் இருக்கும் மின்சாரம் வடியக் காத்திருக்க வேண்டும். நிறுவனங்களின் கையேடுகளில் 90 நொடி என்றும் மூன்று நிமிடம் என்றும் வெவ்வேறாக இருக்கும். நான் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்வேன். ஒரு டீ குடிக்கும் நேரம்தானே. மஞ்சள் நிறக் கப்ளர்கள் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகள்) ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் முனையையோ, சோதனை விளக்கையோ வைக்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டம்கூடக் கலத்தைத் தூண்டிவிடக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை, மூடிப் பக்கம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும்.

வேலை முடிந்து சாவியைப் போட்டதும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், ஏதோ தவறிவிட்டது என்று பொருள். விபத்து நேர்ந்தால் அந்தப் பை விரியாமல் போகலாம். விளக்கை மறைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

ஸ்டியரிங் சுற்றும்போது வயர் எப்படி அறுந்து போகாமல் இருக்கிறது?

ஸ்டியரிங்குக்குக் கீழே க்ளாக் ஸ்பிரிங் என்று ஒரு வட்டமான பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் நாடா போன்ற தட்டையான வயர், கடிகாரத்து ஸ்பிரிங்கைப் போலச் சுருண்டிருக்கும். ஸ்டியரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குத் திருப்பினால் மூன்று, மூன்றரைச் சுற்று வரும். அந்த நாடா ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். நடுநிலையில் பொருத்தியிருந்தால் இருபுறமும் போதிய நீளம் இருக்கும். ஸ்டியரிங்கைக் கழற்றியபோது அந்தப் பெட்டி ஒரு சுற்று நகர்ந்துவிட்டு, அப்படியே மாட்டிவிட்டால், வண்டியை முழுதாக ஒடிக்கும் முதல் நாளிலேயே நாடா அறுந்துவிடும். ஹாரனும் போகும், ஏர்பேக்கும் போகும்.

அடிப்படை ரகக் கார்களின் நாடாவில் பெரும்பாலும் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மட்டும்தான் தடங்கள் இருக்கும். ஸ்டீரியோ பட்டனுக்கு வயர் கடத்த வழியே இருக்காது. அதனால் சிலர் ஹாரன் தடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். வேறு சிலர் சுருள் வயர் ஒன்றை வெளியே தொங்கவிட்டு ஸ்டியரிங் தண்டோடு கட்டுகிறார்கள். இரண்டாவது மிக மிக ஆபத்து. திருப்பும்போது வயர் தண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டியரிங்கையே பிடித்துவிட வாய்ப்புண்டு. பாட்டுக்காக அந்த அபாயத்தை வாங்காதீர்கள்.

உயர்ரக மாடலின் அசல் பட்டனை என் காரில் போட முடியுமா?

பல கார்களில் முடியும். ஆனால் பட்டன் மட்டும் போதாது. ஸ்டியரிங்கில் அந்தப் பட்டனுக்கான குழி இருக்க வேண்டும். கூடுதல் தடங்கள் உள்ள க்ளாக் ஸ்பிரிங் வேண்டும். அங்கிருந்து டேஷ்போர்டு வரை வயர் ஓடியிருக்க வேண்டும். உதிரிபாகக் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் காரின் ஆண்டு, மாடல் இரண்டையும் சொல்லி பாக எண்ணைச் சரிபாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு க்ளாக் ஸ்பிரிங்குகளில் கப்ளரின் ஊசி வரிசை வேறாக இருக்கும்.

சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய உதிரிபாகங்கள் கிடைக்கும். பட்டனைப் பழையதாக வாங்கலாம். க்ளாக் ஸ்பிரிங்கையும் ஏர்பேக்கையும் பழையதாக வாங்க வேண்டாம். ஒரு முறை விரிந்த ஏர்பேக் இருந்த காரிலிருந்து எடுத்த பொருளா, இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வயரில்லா செட்டைப் பொருத்த என்னென்ன வேண்டும்?

டேஷ்போர்டு ஓரத்தை நெம்பும் பிளாஸ்டிக் கரண்டி, திருப்புளி, மல்டிமீட்டர், ஒரு ஆம்பியர் ஃபியூஸும் அதன் கூடும், துணி டேப், வெப்பத்தில் சுருங்கும் குழாய். சால்டரிங் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் அமுக்கி இணைக்கும் கிரிம்ப் முனைகள். வெறுமனே வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேண்டாம். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை உருகி வழிந்து, ஆறு மாதத்தில் டேப் தானாகப் பிரிந்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு இவை எல்லாமே ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

ரிசீவர் வயர்களை எங்கே இணைப்பது?

ரிசீவரில் பெரும்பாலும் நான்கு வயர்கள் இருக்கும். மின்சாரம், எர்த், கீ 1, கீ 2.

மின்சார வயரை, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஏசிசி வயருடன் இணைக்க வேண்டும். ஸ்டீரியோவின் கொத்தில் அது பொதுவாகச் சிவப்பு. மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். அதில் இணைத்தால் காரை நிறுத்திய பிறகும் ரிசீவர் விழித்துக்கொண்டே பேட்டரியைக் குடிக்கும். நிறத்தை நம்பாமல், சாவியைப் போட்டும் எடுத்தும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். இந்த வயரில் ஃபியூஸ் கட்டாயம்.

எர்த் வயரை ஸ்டீரியோவின் கறுப்பு வயருடனேயே இணையுங்கள். டேஷ்போர்டுக்குள் கண்ணில் படும் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டாதீர்கள். ஏன் என்று இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

ரிசீவர் பெட்டியை ஸ்டீரியோவின் தகர உடம்புக்குப் பின்னால் திணிக்க வேண்டாம். தகரம் ரேடியோ அலையை மறைக்கும். ஸ்டியரிங் பக்கம், பிளாஸ்டிக்குக்குப் பின்னால், துணி டேப் சுற்றி ஒரு வயர்க் கொத்தோடு கட்டுங்கள். டேப் சுற்றாமல் விட்டால் குண்டும் குழியுமான சாலையில் கடகடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஸ்டீரியோவுக்குப் பட்டனை எப்படிப் பழக்குவது?

அமைப்புகள் பகுதியில் ஸ்டியரிங் பட்டன் அல்லது ஸ்டியரிங் கற்றல் என்ற பொருளில் ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்து பழைய பதிவு இருந்தால் அழித்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்டீரியோக்களில், முதலில் ஸ்டியரிங்கில் உள்ள பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே திரையில் அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். சிலவற்றில் முதலில் படத்தைத் தொட்டு, பிறகு பட்டனை அமுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் சேமி என்பதை அமுக்காமல் வெளியே வந்தால் உழைத்ததெல்லாம் வீண்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, முகப்பு விளக்கையும் போட்டுவிட்டுப் பழக்குங்கள். நிஜத்தில் ஓட்டும் நிலைமையில்தான் அது கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் வண்டி நின்ற இடத்தில், கை பிரேக் போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள்.

ஒலியைக் கூட்டும் பட்டனை அமுக்கினால் அடுத்த பாட்டு போகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். என் மைத்துனர் காரில் வயரில்லா செட் பொருத்திக் கொடுத்தேன். பகலில் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் இரவு பத்து மணிக்கு அழைத்தார். "ஒலியைக் கூட்டினால் பாட்டு மாறுகிறது மாமா" என்றார். காலையில் போய்ப் பார்த்தேன். ஒழுங்காக வேலை செய்தது. அன்று இரவு மறுபடியும் அதே புகார். செட் மோசம் என்று முடிவு கட்டி, புது செட்டும் வாங்கி மாட்டினேன். அதுவும் அப்படியே செய்தது.

இரவில் மட்டும் ஏன் என்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. இரவில் விளக்கு எரிகிறது. ரிசீவரின் எர்த் வயரை நான் டேஷ்போர்டுக்குள் இருந்த ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தேன். டேஷ்போர்டு விளக்குகளின் எர்த்தும் அதே போல்ட்டில்தான். போல்ட்டின் கீழே பெயின்ட், தொடுகை சரியில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த போல்ட்டிலும், மறுமுனையை ஸ்டீரியோவின் கறுப்பு வயரிலும் வைத்தேன். விளக்கு அணைந்திருக்கும்போது ஏறக்குறைய பூஜ்யம். விளக்கைப் போட்டதும் கால் வோல்ட் காட்டியது.

மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். எர்த்தே கால் வோல்ட் உயர்ந்துவிட்டால், 0.82 காட்ட வேண்டிய பட்டன் 1.01 காட்டும். பக்கத்துப் பட்டனின் எண் 1.06. ஸ்டீரியோ தனக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது, பாட்டு மாறுகிறது. எர்த் வயரைக் கழற்றி ஸ்டீரியோவின் கறுப்பு வயரோடு சேர்த்து சால்டர் வைத்தேன். இரண்டு அங்குல வயர். அன்றோடு அந்தப் புகார் நின்றது. பழைய செட்டிலும் ஒரு குறையும் இல்லை. அது இப்போது வேறொரு நண்பரின் காரில் நன்றாக உழைக்கிறது.

எனவே பட்டன் மாறி வேலை செய்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். அடுத்து கீ வயரின் இணைப்பை லேசாக இழுத்துப் பாருங்கள். அதன்பிறகுதான் மறுபடி பழக்குவது. எர்த் கெட்டிருக்கும்போது எத்தனை முறை பழக்கினாலும் அடுத்த நாள் மறந்துபோகும்.

பட்டன் கட்டையை எந்த இடத்தில் கட்டுவது?

ஸ்டியரிங்கின் ஆரம் வளையத்தோடு சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே. ஓட்டும்போது கை வழக்கமாகப் பிடித்திருக்கும் நிலையிலிருந்து கட்டைவிரலை மட்டும் நீட்டினால் எட்ட வேண்டும். வளையத்தின் மேலேயே கட்டினால், யு-டர்ன் எடுக்கும்போது கை மாற்றி மாற்றிப் பிடிப்பதில் பட்டன் அமுங்கி, திடீரென்று ஒலி எகிறும். ஹாரன் அடிக்கும் இடத்தை மறைக்கிறதா என்றும் பாருங்கள். நம் சாலையில் ஹாரன் தேடும் நிலை வரக் கூடாது.

முதல் இரண்டு நாள் பட்டையைத் தளர்வாகக் கட்டி ஓட்டிப் பாருங்கள். உங்கள் கைக்கு எது வாகு என்று தெரிந்த பிறகு இறுக்குங்கள். கட்டை வழுக்கிச் சுழன்றால் கீழே ஒரு மெல்லிய ரப்பர்த் துண்டு வைக்கலாம். இருபக்க டேப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம். வெயிலில் அதன் பசை இளகும்.

பட்டன் பேட்டரி எவ்வளவு நாள் வரும்?

நீங்கள் எத்தனை முறை அமுக்குகிறீர்கள் என்பதையும், கட்டையில் விளக்கு எரிகிறதா என்பதையும் பொறுத்தது. பெரும்பாலான செட்டுகளில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான். இது பொதுவாக 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் ஸ்டியரிங் தொட முடியாமல் சுடும். எனவே நிழல் பார்த்து நிறுத்துங்கள், இல்லையென்றால் முன் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வையுங்கள். இரண்டு மூன்று முறை அமுக்கினால்தான் ஒரு முறை வேலை செய்கிறது என்ற நிலை வந்தால் பேட்டரியை மாற்றும் நேரம்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால், பேட்டரி மூடிக்குத் திருகாணி உள்ள செட்டையே வாங்குங்கள். இந்தப் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். அப்படி நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கழற்றிய பழைய பேட்டரியையும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். தீர்ந்த பேட்டரியும் அதே தீங்கைச் செய்யும்.

காரில் ஏற்கெனவே அசல் பட்டன் இருக்கிறது. ஸ்டீரியோவை மாற்றியதும் அது வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

கீ வயரை இணைக்காமல் விட்டிருப்பார்கள். முதலில் அதைக் கேளுங்கள். இணைத்த பிறகும் ஸ்டீரியோ பட்டனை உணரவில்லை என்றால், உங்கள் கார் பட்டன் செய்தியை கேன் என்ற தரவு வழித்தடம் வழியாக அனுப்பும் வகையாக இருக்கலாம். அந்தக் காருக்கென்றே உள்ள கேன் பெட்டியை ஸ்டீரியோவுடன் சேர்த்து வாங்க வேண்டும்.

உத்தரவாதம் போய்விடுமா?

அசல் வயரை வெட்டினால், மின்சாரக் கோளாறு எது வந்தாலும் சர்வீஸ் மையத்தில் அந்த வெட்டைத்தான் காட்டுவார்கள். புதிய கார் என்றால் வெட்டாமல், அசல் கப்ளரோடு பொருந்தும் மாற்றுக் கப்ளர் வாங்கி, ஒட்டுகளை எல்லாம் அந்தக் கப்ளரின் வயரில் போடுங்கள். காரை விற்கும் நாளில் கழற்றி எடுத்துவிட்டால் சுவடே இருக்காது.

இரவில் எந்தப் பட்டன் எது என்று தெரியவில்லை. விளக்கு உள்ள செட் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. விளக்கு இருந்தால் அதைப் பார்க்கக் கண் கீழே இறங்கும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஒலியைக் கூட்டும் பட்டனின் நடுவில் நிறமில்லா நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து உலர விடுங்கள். உலர்ந்ததும் அதன்மேல் இன்னொரு சொட்டு. கடுகளவு மேடு உண்டாகும். என் தந்தைக்கு எழுத்து தெளிவாகத் தெரிவதில்லை; அவர் ஓட்டும்போது கட்டைவிரல் அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பது குறைப்பது, பக்கத்தில் இருப்பது பாட்டு மாற்றுவது என்று கண்டுகொள்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அந்தச் சொட்டைப் புதுப்பித்தால் போதும்.